மேடையின் ஓரம் ஏன் இருண்டது: லென்ஸ் மேல் விழுந்த பழியும் ஃப்ளாஷின் ஜூமும்

புகார் இதுதான். ரிசப்ஷன் மேடையில் குரூப் போட்டோ எடுத்தால் நடுவில் நிற்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளுத்துப் போகிறார்கள், இரண்டு ஓரத்திலும் நிற்கிற சொந்தக்காரர்கள் மங்கிக் கிடக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே மேடையில் அதே லென்ஸில் எடுத்தால் எல்லாம் சரியாக வருகிறது. அப்புறம் மறுபடியும் இருட்டு.

என் ரிப்பேர் மேஜைக்குக் கேமராவைக் கொண்டுவந்தவர் திண்டுக்கல் பக்கம் கல்யாண வேலை எடுக்கும் இளைஞர். வரும்போதே தீர்ப்போடு வந்தார். "லென்ஸ் போயிருச்சுண்ணே. வைட்ல ஓரம் இருட்டடிக்குது." முதலில் பேட்டரி மேல் சந்தேகப்பட்டு புது செல் செட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். அதன்பின் லென்ஸை ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். அங்கே சுவரில் சார்ட் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஷார்ப்னெஸ் நன்றாக இருக்கிறது, லென்ஸில் குறையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவருக்கு மனசு ஆறவில்லை.

செட்டு: ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் பாடி, 24-70 எஃப் 2.8 லென்ஸ், 24 முதல் 105 மி.மீ. வரை ஜூம் ஆகும் ஃப்ளாஷ். மி.மீ. என்பது ஃபோகல் லெங்த்: எண் சின்னதானால் காட்சி அகலும் (வைட்), பெரிதானால் நெருங்கும். கம்பெனிப் பெயர் தேவையில்லை. இந்த மாதிரிக் கோளாறு எந்தக் கம்பெனி செட்டிலும் வரும்.

படங்களே சொன்னது

லென்ஸைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மெமரி கார்டைக் கேட்டேன். எடிட் செய்யாத, வாட்ஸ்ஆப் வழியாகப் போகாத ஒரிஜினல் ஃபைல்தான் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் விவரம் (எந்த செட்டிங்கில் எடுத்தது என்று படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் குறிப்பு) எல்லாம் உதிர்ந்துவிடும். நமக்கு வேண்டியது படத்தைவிட அந்த விவரம்தான்.

முதலில் பார்த்தது, ஃப்ளாஷ் போடாமல் எடுத்த படங்கள். மண்டபத்தின் சொந்த விளக்கில், 24 மி.மீ.யில், எஃப் 2.8-லேயே எடுத்தவை சில இருந்தன. ஓரத்தில் லேசான மங்கல். அந்த லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, முழுக்கத் திறந்து கிடக்கும்போது இருக்க வேண்டிய அளவுதான். அதே லென்ஸில், அதைவிடச் சின்னத் துளையான எஃப் 5.6-இல் ஃப்ளாஷோடு எடுத்த குரூப் போட்டோவில் ஓரம் அப்பட்டமாக இருண்டிருந்தது. இங்கேயே பாதி விஷயம் முடிந்துவிட்டது. லென்ஸால் வரும் ஓர இருட்டு, அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்கக் குறையும். ஃப்ளாஷ் இல்லாவிட்டாலும் இருக்கும். ஃப்ளாஷின் ஒளி பரவாததால் வரும் இருட்டுக்கு அப்பர்ச்சர் பொருட்டே இல்லை. லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட்டின் நிழல் என்றால் அது வேறு மாதிரி: படத்தின் கீழே மட்டும் அரைவட்டமாக விழும். இங்கே இருட்டு நாலா பக்கமும், நடுவில் வெளிச்சத் திட்டு.

அடுத்தது கணக்கு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. நாலு மீட்டர் தள்ளி நின்று 24 மி.மீ.யில் எடுத்தால் படத்துக்குள் வரும் மேடையின் அகலம் ஆறு மீட்டர். அதே இடத்தில் 70 மி.மீ.யில் எடுத்தால் இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஃப்ளாஷ் 70-இல் குவிந்து நிற்க, லென்ஸ் 24-க்கு விரிந்தால், ஆறு மீட்டர் மேடையில் நடு இரண்டு மீட்டருக்குத்தான் முழு வெளிச்சம் போகும். இவர் படங்களில் வெளிச்சத் திட்டு பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் நிற்கும் தாய் தகப்பனையும் தாண்டவில்லை.

நடுவில் ஏன் வெளுத்தது என்பதற்கும் இதுவே பதில். ஃப்ளாஷின் ஜூம் என்பது வேறொன்றுமில்லை. முன்னால் இருக்கும் வரிவரியான ஃப்ரெனல் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் டியூபும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்து ஒரு சின்ன மோட்டாரால் முன்னும் பின்னும் நகர்வது. முன்னால் வந்தால் ஒளி விரியும், பின்னால் போனால் குவியும். குவிந்தால் நடுவில் அடி பலமாக விழும். ஓர் அளவுக்குச் சொன்னால், கேனான் 580 இஎக்ஸ் இரண்டாம் மாடல் ஃப்ளாஷின் கைடு நம்பர் (ஒளியின் வீச்சைச் சொல்லும் எண்) ஐஎஸ்ஓ 100-இல் 24 மி.மீ.க்கு 28 மீட்டர், 70 மி.மீ.க்கு 50, 105 மி.மீ.க்கு 58. இருபத்தெட்டிலிருந்து ஐம்பது என்றால் நடுவில் ஒன்றரை ஸ்டாப்புக்கும் கூடுதலான வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு). பவரில் கை வைக்காமலேயே பட்டுப்புடவையின் ஜரிகை படத்தில் வெளுத்துப்போனது அதனால்தான்.

ஆக, சில படங்களில் ஃப்ளாஷ் ஜூம் லென்ஸோடு சேர்ந்து நகரவில்லை. ஏன், எப்போது என்பதுதான் மிச்சம்.

எக்ஸிஃபை வரிசையாகப் பார்த்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. ஓரம் இருண்ட படங்களில் எல்லாம் ஃப்ளாஷ் என்ற இடத்தில் 'அடிக்கவில்லை' என்று பதிவாகியிருந்தது. படத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் மூஞ்சியில் அடிக்கிறது. கேமராவோ ஃப்ளாஷே இல்லை என்கிறது. சரியாக வந்த படங்களில் 'அடித்தது' என்று இருந்தது. இன்னொன்று: இருண்ட படங்களின் கூட்டத்தில் ஓரிரண்டு படம் 1/320 ஷட்டர் வேகத்தில் எடுக்கப்பட்டு, நீளவாக்கில் கருப்புப் பட்டை விழுந்திருந்தது. இந்த பாடியின் சிங்க் ஸ்பீட், அதாவது ஃப்ளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200. மேலே ஃப்ளாஷ் இருப்பது கேமராவுக்குத் தெரிந்திருந்தால், சாதாரண மோடில் ஷட்டரை 1/200-க்கு மேல் போகவே விடாது, தானாக இறக்கிவிடும். 1/320-க்கு விட்டது என்றால் அந்த நேரத்தில் கேமராவுக்கு ஃப்ளாஷ் இருப்பதே தெரியவில்லை.

அப்படியானால் ஃப்ளாஷ் அடித்தது எப்படி?

ஷூவில் இரண்டு பாதை

கேமரா தலையில் ஃப்ளாஷை மாட்டும் இடமான ஹாட் ஷூவில், ஃப்ளாஷை அடிக்கச் சொல்லும் பாதையும் ஃப்ளாஷோடு தகவல் பரிமாறும் பாதையும் தனித்தனி. நடுவில் இருக்கும் பெரிய முள்ளும் ஷூவின் ஓரத் தண்டவாளமும் தொட்டால் போதும், ஃப்ளாஷ் அடித்துவிடும். ஒரு கம்பெனி ஃப்ளாஷை வேறு கம்பெனிக் கேமராவில் மாட்டினாலும் பெரும்பாலும் அடிப்பதற்குக் காரணம் இதுதான். மிச்சமிருக்கும் சின்ன முட்கள்தான் டிடிஎல் (கேமராவே வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷ் பவரை வைப்பது), ஷட்டர் எல்லை, லென்ஸின் ஃபோகல் லெங்த் எல்லாவற்றையும் கொண்டுபோகும். அதில் ஒன்று தொடாமல் போனாலும் பேச்சு நின்றுவிடும், அடி நிற்காது.

டிடிஎல்-இல் எடுப்பவராக இருந்தால் பேச்சு அறுந்த முதல் படத்திலேயே எக்ஸ்போஷர் தாறுமாறாகி, ஏதோ கோளாறு என்று பிடித்திருப்பார். இவர் மேடையில் ஃப்ளாஷை மேனுவலில் 1/8 பவரில் வைத்து எடுப்பவர். மேடைக்குத் தூரம் மாறாது, வரிசையில் வந்துபோகிறவர்கள் மாறினாலும் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும், ஆல்பத்தில் கலர் திருத்த வேலை குறையும். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கமே கோளாறுக்குத் திரை போட்டுவிட்டது. பவர் மேனுவல், ஜூம் மட்டும் ஆட்டோ. ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷ் அடிக்கிறது, அதனால் ஃப்ளாஷ் நல்லாத்தான் இருக்கிறது என்று நம்பியிருக்கிறார். ஃப்ளாஷ் பற்றி என்னிடம் வரும் புகாரில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையில்தான் வழி தவறுகிறது. அடிக்கிறது என்பது நடு முள்ளுக்கு மட்டும்தான் சான்று.

மேஜை மேல்

படம் சொன்னதைப் பொருளில் சரிபார்க்க வேண்டும். முதலில் ஃப்ளாஷைத் தனியாக எடுத்து, வேறொரு பாடியில் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே மோட்டார் 'கிர்ர்' என்று ஒரு முறை ஓடி நிற்க வேண்டும். ஜூம் தன் ஆரம்ப இடத்தைத் தேடிப் பிடிக்கும் சத்தம் அது. வந்தது. ஜூமை மேனுவலுக்கு மாற்றி 24, 35, 50, 70, 105 என்று ஒவ்வொன்றாக வைத்து, இருட்டறையில் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்த வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். கேமரா லென்ஸ் 24-இலேயே நின்றது. 105-இல் சுவரின் நடுவில் சின்னத் திட்டு, 24-இல் மூலை வரை வெளிச்சம். மோட்டார், பல்சக்கரம், ரிஃப்ளெக்டர் எல்லாம் நலம். டிஸ்ப்ளேயில் எண் மாறியதை மட்டும் பார்த்து ஜூம் வேலை செய்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. மோட்டார் சிக்கியிருந்தாலும் எண் மாறலாம். சுவர்தான் சாட்சி.

பிறகு அவருடைய பாடியில் மாட்டினேன். ஷட்டரைப் பாதி அழுத்தியபடி ஜூம் வளையத்தைத் திருப்பினால் ஃப்ளாஷ் டிஸ்ப்ளேயில் எண் கூடவே ஏறி இறங்கியது. எல்லாம் சரி. இப்போது கல்யாணத்தில் அவர் செய்வதைச் செய்தேன்: ஜோடியைத் தனியாக எடுப்பதுபோல் 70-க்குப் போய், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன். நாலு செல்லோடு ஃப்ளாஷின் எடை ஒரு பக்கமாக இழுத்தது. அடிப்பாகத்தில் லேசான ஆட்டம் விரலுக்குத் தெரிந்தது. மறுபடி கேமராவைப் படுக்கையாக்கி 24-க்கு வந்தேன். டிஸ்ப்ளே 70-இலேயே நின்றது. பட்டனை அழுத்தினால் ஃப்ளாஷ் ஜோராக அடித்தது.

ஃப்ளாஷைக் கழற்றி அடியைப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் பெரிய முள். அதைச் சுற்றிச் சின்ன முட்கள் நான்கு. மூன்று ஒரே உயரத்தில் நிற்கின்றன, நாலாவது அரை மி.மீ. உள்ளே பதிந்து கிடக்கிறது. இந்த முட்கள் ஸ்பிரிங் மேல் நிற்பவை. நகத்தால் அழுத்தினால் உள்ளே போய் உடனே எழும்ப வேண்டும். இது அழுத்தினால் போனது, எழும்பத் தயங்கியது. முள்ளின் கழுத்தைச் சுற்றிக் கருப்பாகப் பிசின் மாதிரி ஏதோ படிந்திருந்தது. பாடியின் ஷூவில் அந்த முள் உட்காரும் வட்டம் மட்டும் பழுப்பேறியிருந்தது. வியர்வைக் கையும், வாசலில் தெளிக்கும் பன்னீரும், மேடைப் புகையும், தூசியும் பட்டுப் பட்டு இப்படி ஆகும். கல்யாண வேலை பார்க்கும் ஃப்ளாஷ்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது அவர் சொன்ன எல்லாமே பொருந்தியது. செங்குத்தாகத் திருப்பும்போது முள் அமுங்கிச் சிக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஜூம் 70. பேச்சு அறுந்ததும் இந்த ஃப்ளாஷ் கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. எல்லா மாடலும் இப்படிச் செய்யாது, சில மாடல் தானாக ஒரு நிலையான இடத்துக்குப் போய்விடும். செல் மாற்றுவதற்காக ஃப்ளாஷைக் கழற்றி மாட்டும்போது முள் எழும்பிச் சரியாகிவிடுகிறது. அதனால்தான் அவருக்கு முதலில் பேட்டரி மேல் சந்தேகம் வந்தது. டிஃப்யூசர் மூடி போட்டு எடுத்த படங்களில் கோளாறே தெரியவில்லை என்றும் சொன்னார். மூடி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும், ஜூம் எங்கே நின்றாலும் ஓரம் நிரம்பிவிடும்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு முள்ளின் கழுத்தைச் சுற்றித் துடைத்தேன். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுத் துடைக்கத் துடைக்கக் கருப்பு வந்துகொண்டே இருந்தது. ஷூவின் வட்டங்களையும் அப்படியே. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். மேலே இருக்கும் தங்க முலாம் மிக மெல்லியது, அது போனால் அடியில் இருப்பது இன்னும் வேகமாகக் கறுக்கும். அடிப்பாகத்தின் ஆட்டத்துக்குக் காரணம் வெளியே தெரியும் திருகுகள் தளர்ந்ததுதான். அளவான திருப்புளியால் முறுக்கியதும் நின்றது. அதைத் தாண்டி ஃப்ளாஷ் தலையைத் திறக்க வேண்டிய வேலை என்றால் பழகாதவர் கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், செல்லைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

திரும்ப மாட்டி, செங்குத்தாக, படுக்கையாக, குலுக்கிப் பார்த்ததில் டிஸ்ப்ளே லென்ஸை விட்டு விலகவில்லை. 1/320 வைக்கப் பார்த்தேன், கேமரா 1/200-ஐத் தாண்ட மறுத்தது.

இன்னும் ஒரு முடிச்சு

இங்கேயே பில் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் எக்ஸிஃப் பட்டியலில் இந்த முள்ளால் விளக்க முடியாத ஒன்று மிச்சமிருந்தது. சில படங்களில் ஃபோகல் லெங்த் 24 என்று பதிவாகியிருக்க, படத்தில் விழுந்திருந்த அகலமோ 40 மி.மீ. பக்கம் எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. மேடைத் தூணிலிருந்து தூண் வரை வந்திருக்க வேண்டிய படத்தில் அஞ்சு பேர்தான் இருந்தார்கள். ஃப்ளாஷ் 'அடித்தது' என்றே பதிவு. அதாவது பேச்சு நடந்திருக்கிறது, ஆனால் லென்ஸே தப்பான எண்ணைச் சொல்லியிருக்கிறது.

ஜூம் வளையத்தை 24-லிருந்து 70 வரை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பினேன், கண் ஃப்ளாஷ் டிஸ்ப்ளே மேல். 24, 28, 35, அப்புறம் சட்டென்று 24, அதன்பின் 50, 70. அந்த 35-க்கும் 50-க்கும் இடையில் ஓர் இடத்தில் மட்டும் பின்னால் குதித்தது. வேகமாகத் திருப்பினால் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்து எக்ஸிஃபைப் பார்த்தால் அதே இடத்தில் 38-க்குப் பிறகு 24, அப்புறம் 45. லென்ஸின் பின்பக்கக் கான்டாக்டைத் துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. வேறொரு 24-70-ஐ அதே பாடியில் மாட்டினால் எண் ஒழுங்காக ஏறியது. பாடி நல்லது, லென்ஸில்தான் விஷயம்.

ஜூம் வளையத்தோடு சேர்ந்து நகரும் ஒரு சின்ன பிரஷ் லென்ஸுக்குள் இருக்கும். முடி போன்ற மெல்லிய உலோகக் கம்பிகள் நாலைந்து. அது கோடு கோடாக உலோகம் பதித்த ஒரு பட்டையின் மேல் உராய்ந்து, வளையம் எங்கே நிற்கிறது என்று லென்ஸின் போர்டுக்குச் சொல்லும். கம்பி வளைந்தாலோ, பட்டையின் ஓர் இடம் தேய்ந்தாலோ, அழுக்கு ஏறினாலோ, அந்த இடத்தில் மட்டும் தப்பான எண் வரும். கண்ணாடியில் துளி குறை இருக்காது. சார்ட் வைத்துப் பார்த்த சர்வீஸ் கடை லென்ஸ் நல்லது என்றது பொய்யில்லை. அவர்கள் சோதித்தது கண்ணாடியை. சார்ட்டுக்கு இந்தக் கேள்வி தெரியாது.

இதனால் ஃப்ளாஷ் மட்டும்தான் கெடுமா என்றால் இல்லை. பாடிக்குள் செய்யும் ஓரத் திருத்தம், வளைவுத் திருத்தம் எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது. சென்சார் நகர்ந்து ஆட்டத்தைத் தடுக்கும் மிரர்லெஸ் பாடியில் மாட்டினால் 40-இல் இருக்கும் லென்ஸுக்கு 24-க்கு உண்டான அளவே ஈடு கொடுக்கும், படம் கலங்கும். இவர் அடுத்து மிரர்லெஸ் வாங்கும் யோசனையில் இருக்கிறார். வாங்கியதும் "புது பாடி சரியில்லைண்ணே" என்று வந்திருப்பார்.

தள்ளிவிட்ட சந்தேகங்கள்

இதே ஓர இருட்டுக்கும் ஜூம் மாறாமைக்கும் வேறு காரணங்களும் உண்டு. இந்தக் கேஸில் அவை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் முள்ளுக்கு வந்தேன். டிஸ்ப்ளேயில் ஜூம் பக்கத்தில் எம் எழுத்து இருந்தால் யாரோ பட்டனை அழுத்தி மேனுவலில் விட்டிருக்கிறார்கள், கோளாறே இல்லை. தலை நேராகக் 'க்ளிக்' என்று உட்காராமல் அரைகுறையாக நின்றால், பல மாடல்கள் அதை பவுன்ஸ் (ஒளியைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்புவது) என்று எடுத்துக்கொண்டு ஜூமை 50-இல் நிறுத்திவிடும். நடு முள் மட்டும் உள்ள மலிவான ரேடியோ ட்ரிகர் வழியாக ஜூம் தகவல் போகாது. சிப் இல்லாத பழைய மேனுவல் லென்ஸும் எண் சொல்லாது.

எதிர்ப்பக்கக் கோளாறு ஒன்றும் உண்டு: ஜூம் வைடிலேயே பூட்டிக்கொண்டு மேலே ஏறாது. ஒளியை இன்னும் விரிக்கத் தலையிலிருந்து இழுத்து மடக்கும் வைட் பேனல் உடைந்து போயிருந்தால், அதை உணரும் குட்டி ஸ்விட்ச் பேனல் வெளியே இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். நிக்கான் எஸ்பி-800 ஃப்ளாஷில் இதற்கென்றே, பேனல் உடைந்தால் ஜூம் பூட்டை எடுத்துவிட மெனுவில் ஒரு செட்டிங் வைத்திருக்கிறார்கள். தெரியாமல் ஃப்ளாஷையே மூலையில் போட்டவர்கள் உண்டு.

லென்ஸுக்கு பிரஷும் பட்டையும் மாற்ற வேண்டும். குழலைப் பிரித்து மாட்டி, மறுபடி அளவு சேர்க்கும் வேலை, நாள் பிடிக்கும். அவசரத்துக்குச் செய்யக் கூடாது. இதைச் சொன்னதும் காலண்டரைப் பார்த்தார். "ஆனி வரைக்கும் முகூர்த்தம் இருக்குண்ணே. ஆடி பொறந்ததும் கொண்டாந்து தந்துர்றேன்." ஆடியில் கல்யாணம் இல்லை, என் மேஜைக்குத்தான் கூட்டம்.

அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு சொல்லி அனுப்பினேன். மேடையில் நிற்கும்போது ஃப்ளாஷ் ஜூமை மேனுவலில் 24-இல் பூட்டிவிட வேண்டும். லென்ஸ் எந்த எண் சொன்னாலும், முள் மறுபடி சிக்கினாலும் ஓரம் இருளாது. லென்ஸை நெருக்கி எடுக்கும்போது ஆட்டோவில் கிடைத்ததைவிட நடுவில் வெளிச்சம் குறையும் என்பதால் அப்போது பவரை 1/8-லிருந்து 1/4-க்கு ஏற்ற வேண்டியிருக்கும். செல் கொஞ்சம் சீக்கிரம் தீரும், அடுத்த அடிக்குத் தயாராகும் ரீசைக்கிள் நேரம் கூடும். தனி ஜோடிப் படத்துக்கு இறங்கிப் போகும்போது ஆட்டோவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஷட்டர் 1/200-ஐத் தாண்டிப் போவதைக் கண்டால் அங்கேயே நிறுத்தி, ஃப்ளாஷைக் கழற்றி முள்ளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.